எட்டுப் பட்டையில் எங்கே கை?

டென்னிஸ் மட்டையின் கைப்பிடிக்கு எட்டுப் பட்டைகள் உண்டு. மேலே நாடா சுற்றியிருப்பதால் பார்வைக்கு உருண்டையாகத் தோன்றினாலும், விரலால் தடவினால் ஒவ்வொரு விளிம்பும் தட்டுப்படும். ஆடுபவரின் கை இந்த எட்டில் எதன்மேல் அமர்கிறது என்பதைத்தான் கிரிப் என்கிறார்கள். கை ஒரு பட்டை தள்ளி அமர்ந்தால் மட்டையின் முகம் ஏறத்தாழ 45 டிகிரி திரும்பிவிடுகிறது. வீச்சு மாறாமல் இருந்தாலும், எல்லைக்குள் விழவேண்டிய பந்து வேலிக்கு அப்பால் போகும், அல்லது வலையிலேயே முட்டி நிற்கும். பந்து நரம்புகளில் தங்கியிருப்பது ஒரு வினாடியின் இருநூறில் ஒரு பங்கு நேரமே. அதற்குள் மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்வது யாராலும் ஆகாது. முகத்தின் கோணம் அதற்கு வெகு முன்பே, கை கைப்பிடியில் அமர்ந்தபோதே, பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

பட்டைகளுக்கு எண் கொடுக்கும் முறை எளிது. மட்டையின் ஓர விளிம்பு தரையைப் பார்க்கும்படி நிறுத்திப் பிடித்து, கைப்பிடியின் அடிமுனையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தால் எண்கோணம் தெளிவாகத் தெரியும். உச்சியில் கிடைமட்டமாக இருப்பது முதல் பட்டை. வலக்கை ஆட்டக்காரர் அங்கிருந்து கடிகார முள் சுற்றும் திசையில் எண்ணவேண்டும்: வலப்பக்கச் சாய்வு 2, வலப்பக்கச் செங்குத்து 3, அதன் கீழ்ச் சாய்வு 4, அடிப்பகுதி 5. இடக்கை ஆட்டக்காரர் எதிர்த்திசையில் எண்ணுவார். கையில் கவனிக்கவேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று ஆட்காட்டி விரலின் அடிமுட்டி. மற்றொன்று சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டை ஒட்டியுள்ள உள்ளங்கை மேடு. இவ்விரண்டும் ஒரே பட்டையில் அமர்வதுதான் வழக்கம். பழைய பயிற்சி நூல்கள் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலான பிளவு எந்தத் திசையைக் காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லும். கட்டைவிரலை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வைப்பதால் அந்த அடையாளம் ஏமாற்றக்கூடியது. அடிமுட்டியை நம்புவதே மேல்.

அடிமுட்டி இரண்டாம் பட்டையில் இருந்தால் அது காண்டினென்டல் பிடி. சுத்தியலால் ஆணி அடிக்கப் போகிறவர் அதை எப்படிப் பிடிப்பாரோ அப்படி. ஐரோப்பாவில் பந்து தாழ எழும் மெத்தென்ற தரைகளில் வளர்ந்த பிடி இது. இங்கிலாந்தின் புல்தரைக்கும் நன்றாகப் பொருந்தியது. புல்லில் பந்து சறுக்கிக்கொண்டு முழங்கால் உயரத்தில் வரும். அதைக் குனிந்து எடுக்க, முகம் சற்றே வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கவேண்டும். காண்டினென்டலில் அது தானாகவே அமைகிறது. 1934 முதல் 1936 வரை தொடர்ந்து மூன்று முறை விம்பிள்டன் வென்ற ஃபிரெட் பெர்ரி இந்தப் பிடியில்தான் ஃபோர்ஹேண்ட் அடித்தார். 1962, 1969 என இரண்டு ஆண்டுகளில் நான்கு பெரும் பட்டங்களையும் அள்ளிய ராட் லேவரும் அப்படியே. ஜான் மெக்கன்ரோ ஏறக்குறைய எல்லா அடிகளுக்கும் இந்த ஒரே பிடியை வைத்துக்கொண்டு 1980களின் தொடக்கத்தில் உலகின் முதல் இடத்தில் இருந்தார். 1974 வரை நான்கு பெரும் போட்டிகளில் மூன்று புல்தரையில் நடந்தன என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். தாழ்ந்த பந்துகளின் காலத்தில் தாழ்ந்த பந்துக்கான பிடி ஆட்சி செய்ததில் வியப்பில்லை.

இன்று காண்டினென்டல் ஃபோர்ஹேண்ட் அனேகமாக மறைந்துவிட்டது. தோள் உயரத்துக்கு எழும் பந்தை இந்தப் பிடியில் அடித்தால் முகம் திறந்தே இருப்பதால் பந்து மிதந்து வெளியே போகும். அதைத் தடுக்க ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை வளைத்து முகத்தை மூடவேண்டியிருக்கும். பெர்ரிக்கும் லேவருக்கும் இருந்த மணிக்கட்டு வலு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் ஃபோர்ஹேண்டைத் தவிர்த்த மற்ற இடங்களில் இந்தப் பிடி அசையவே இல்லை. சர்வ், ஸ்மாஷ், வாலி, ஸ்லைஸ், டிராப் ஷாட், எட்டாத பந்தை நீட்டிப் பிடித்துத் திருப்பும் தற்காப்பு அடி என்று பட்டியல் நீளும். டென்னிஸில் ஒரே ஒரு பிடியைத்தான் கற்கலாம் என்றால் இதைத்தான் கற்கவேண்டும்.

சர்வுக்கு ஏன் இந்தப் பிடி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். புதிதாக ஆடுபவர்கள் மிக அதிகமாகத் தவறுவது இங்கேதான். சர்வ் செய்யும்போது கை தலைக்கு மேல் நீள்கிறது. காண்டினென்டல் பிடியில் மட்டை பந்தை நோக்கி எழும்போது முதலில் முன்னே வருவது அதன் ஓர விளிம்பு. பந்தைத் தொடுவதற்குச் சற்று முன் முன்கை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகச் சுழல்கிறது. உள்ளங்கை வெளியே திரும்புகிறது, நரம்புகள் பந்துக்கு நேராக வந்து சேர்கின்றன. சர்வின் வேகத்தில் பெரும்பங்கு தோளும் முன்கையும் செய்யும் இந்தச் சுழற்சியிலிருந்து வருகிறது. ஃபோர்ஹேண்ட் பிடியோடு சர்வ் செய்பவருக்கு இந்தச் சுழற்சியே இல்லை. அவருடைய மட்டையின் முகம் தொடக்கத்திலிருந்தே எதிராளியைப் பார்த்துக்கொண்டிருக்கும், கை பந்தை வெறுமனே தள்ளும்.

அப்படித் தள்ளுவது முதல் சில வாரங்களுக்கு நன்றாகவே வேலை செய்யும் என்பதுதான் சிக்கல். பந்து சர்வீஸ் பெட்டிக்குள் விழும், ஆடுபவருக்கு மகிழ்ச்சி. காண்டினென்டலுக்கு மாறியதும் பந்து இடப்பக்கமாகச் சிதறத் தொடங்கும். மாறியவர் இரண்டே நாளில் பழைய பிடிக்குத் திரும்பிவிடுவார். பல ஆண்டுகள் ஆடியும் சர்வ் மட்டும் வளராத பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களை எந்த ஊர் கோர்ட்டிலும் பார்க்கலாம். காரணத்தைத் தேட அவர்களின் கைப்பிடிக்கு மேல் போகவேண்டியதில்லை. மாற்றம் பழகும்வரை வேகத்தை மறந்து, சர்வீஸ் கோட்டருகே நின்று, முன்கை சுழல்வதை மட்டும் பழகுவதுதான் வழி. காண்டினென்டல் பிடித்தபின் சர்வ் வகைகள் தாமாகத் திறந்துகொள்ளும். பந்தின் பின்புறத்தை நேராக அடித்தால் ஃபிளாட். பக்கவாட்டைச் சீவினால் ஸ்லைஸ். கீழிருந்து மேலாக உரசி எழுப்பினால் கிக். கிக் சர்வுக்கு மட்டும் சிலர் கையை முதல் பட்டைப் பக்கம் சிறிது நகர்த்திக்கொள்கிறார்கள், அதில் உரசல் கூடுகிறது.

வாலிக்கு இதே பிடி வேண்டியதன் காரணம் வேறு, அது நேரம். வலையருகே நிற்பவருக்கு எதிராளியின் அடி வந்துசேர அரை வினாடிகூடக் கிடைப்பதில்லை. ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா என்று முடிவுசெய்து பிடியை மாற்ற அவகாசம் இல்லை. காண்டினென்டல் இரண்டு பக்கத்துக்கும் நடுவே அமர்வதால் மாற்றாமலே இரண்டையும் சமாளிக்கலாம். முகம் லேசாகத் திறந்திருப்பதால் தாழ்ந்த வாலியை வலைக்கு மேல் தூக்குவதும் எளிது. ஃபோர்ஹேண்ட் வாலிக்கு ஈஸ்டர்ன் பிடி முதலில் வலுவாகத் தோன்றும். சிறு பிள்ளைகளுக்குப் பயிற்றுநர்கள் சில காலம் அதை அனுமதிப்பதும் உண்டு. பேக்ஹேண்ட் பக்கம் வேகமான பந்து வரும் நாளில் அதன் குறை வெளிப்படும்.

ஃபோர்ஹேண்டில்தான் கருத்து வேறுபாடுகள் அதிகம். அடிமுட்டி மூன்றாம் பட்டையில் அமர்ந்தால் ஈஸ்டர்ன், நான்கில் செமி-வெஸ்டர்ன், ஐந்தில் வெஸ்டர்ன். கை கீழே போகப்போக மட்டையின் முகம் தரையைப் பார்த்து மூடிக்கொண்டே வரும். மூடிய முகத்தைப் பந்து தொடும் கணத்தில் செங்குத்தாக்க வேண்டுமென்றால், பந்தை உடலுக்கு இன்னும் முன்னால், இன்னும் உயரத்தில் சந்திக்கவேண்டும். ஃபோர்ஹேண்ட் பிடிகளைப் பற்றிய மற்ற எல்லாமும் இந்த ஒரு விதியிலிருந்தே கிளைக்கின்றன.

ஈஸ்டர்ன் பிடிக்கு எண் பார்க்காமலே வந்துசேர ஒரு வழி உண்டு. உள்ளங்கையை நரம்புகளின்மேல் தட்டையாக வைத்து, அப்படியே கைப்பிடிவரை சறுக்கிக்கொண்டு வந்து மூடினால் போதும். உள்ளங்கையும் மட்டையின் முகமும் ஒரே திசையைப் பார்க்கும். பந்தை எங்கே அனுப்பவேண்டுமோ அங்கே உள்ளங்கையைக் காட்டுவது எல்லோருக்கும் இயல்பான செயல் என்பதால் புதியவர்களுக்கு இது சீக்கிரம் கைகூடும். இடுப்பு உயரப் பந்துக்கு இதைவிட வசதியான பிடி இல்லை. நேராக, வேகமாக, தட்டையாக அடிக்கலாம், தேவையானபோது டாப்ஸ்பின்னும் தரலாம், தாழ்ந்த பந்துக்கும் வளைந்துகொடுக்கும். காண்டினென்டலுக்கு ஒரே பட்டை தூரம் என்பதால் வலைக்கு ஓடிவருபவருக்கு மாற்றமும் சுலபம். ஸ்டெஃபி கிராஃப், பீட் சாம்ப்ராஸ், 2009 அமெரிக்க ஓப்பனை வென்ற யுவான் மார்ட்டின் டெல் போட்ரோ ஆகியோரின் ஃபோர்ஹேண்ட்கள் ஈஸ்டர்ன் வகை. ரோஜர் ஃபெடரரின் கை ஈஸ்டர்னுக்கும் செமி-வெஸ்டர்னுக்கும் நடுவே, ஈஸ்டர்ன் பக்கமே சாய்ந்து அமர்ந்தது. பந்து தோளைத் தாண்டி எழும்போது இந்தப் பிடி தடுமாறும். டெல் போட்ரோவின் உயரம் 198 சென்டிமீட்டர். மற்றவர்களுக்குத் தோள் உயரமான பந்து அவருக்குக் கிட்டத்தட்ட மார்பு உயரம்தான். பிடியைத் தேர்ந்தெடுப்பதில் ஆளின் உயரத்துக்கும் பங்கு உண்டு என்பதற்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு.

வெஸ்டர்ன் பிடியின் கதை கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் புல்தரைகள் இருந்தபோது மேற்கே சிமெண்டும் நிலக்கீலும் போன்ற கடினத் தரைகள் பரவியிருந்தன. அங்கே பந்து உயர எழும். கைகளும் அதற்கேற்ப கைப்பிடியின் அடிப்பக்கம் இறங்கின. பிடிகளின் பெயர்களும் இந்த நிலப்பிரிவையே சுமக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த பில் ஜான்ஸ்டன் உயரத்தில் சிறியவர். வெஸ்டர்ன் ஃபோர்ஹேண்டை ஆயுதமாகக் கொண்டு 1915, 1919 ஆண்டுகளில் அமெரிக்கப் பட்டத்தையும் 1923-இல் விம்பிள்டனையும் வென்றார். ஆனால் 1920 முதல் 1925 வரை அமெரிக்கப் பட்டம் ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டர்ன் பிடியாளரான பில் டில்டனுக்கே போயிற்று. அந்த ஆறு இறுதிப் போட்டிகளில் ஐந்தில் தோற்றவர் ஜான்ஸ்டன். அதன்பின் வெஸ்டர்ன் பிடி பெரிய போட்டிகளில் வெகுகாலம் பின்னுக்குப் போனது. புல்லில் சறுக்கி வரும் தாழ்ந்த பந்துக்கு அது பயன்படாது என்பதே பொதுவான தீர்ப்பாக இருந்தது.

அந்தத் தீர்ப்பைக் குலைத்தவர்களில் முதன்மையானவர் ஸ்வீடனின் பியோர்ன் போர்க். கையை வெஸ்டர்ன் பக்கமாக வைத்து, கீழிருந்து மேலாக மட்டையை வீசி, பந்துக்குக் கனத்த டாப்ஸ்பின் கொடுத்தார். முன்னோக்கி உருளும் பந்தைக் காற்று கீழே அழுத்துகிறது. அதனால் வலைக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் போகும் பந்தும் பேஸ்லைனுக்குள் இறங்கிவிடுகிறது. வலையின் நடு உயரம் 91.4 சென்டிமீட்டர்தான் என்றாலும், அதை உரசிக்கொண்டு அடிப்பவரைவிட ஒரு மீட்டர் மேலே அடிப்பவர் தவறுவது குறைவு. போர்க் பிரெஞ்சு ஓப்பனை ஆறு முறை வென்றதோடு நிற்கவில்லை. 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து முறை விம்பிள்டனையும், அதாவது இந்தப் பிடிக்கு ஆகாது என்று சொல்லப்பட்ட புல்தரையிலேயே, வென்றார்.

மட்டை மாறியதும் மற்றவர்களும் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். மரமட்டையின் சிறிய தலையில் செங்குத்தாக உரசினால் பந்து சட்டத்தில் பட்டுத் தெறிக்கும் அபாயம் அதிகம். 1970களின் நடுவில் வந்த பெரிய தலை மட்டைகளும் அதற்குப்பின் வந்த கிராஃபைட்டும் அந்த அபாயத்தைக் குறைத்தன. 1990களின் இறுதியில் பாலியெஸ்டர் நரம்பு பரவியது. 1997-இல் பிரேசிலின் குஸ்தாவோ குயெர்டன் அதைக் கட்டிக்கொண்டு பிரெஞ்சு ஓப்பனை வென்றது பலரின் கவனத்தை ஈர்த்தது. இந்த நரம்பு பக்கவாட்டில் நழுவிச் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பும்போது பந்தைக் கூடுதலாகச் சுழற்றிவிடுகிறது. ராஃபேல் நடாலின் ஃபோர்ஹேண்ட் சராசரியாக நிமிடத்துக்கு 3,200 சுற்று என்று அளக்கப்பட்டிருக்கிறது. சாம்ப்ராஸ் காலத்து ஃபோர்ஹேண்ட்கள் 1,900-ஐ ஒட்டியே இருந்தன. நடாலின் பிடி செமி-வெஸ்டர்ன்.

இன்றைய தொழில்முறை ஆட்டத்தில் மிகப் பரவலாகக் காணப்படுவதும் இந்த செமி-வெஸ்டர்ன்தான். இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரம் அதற்கு உகந்தது. கடினத் தரையிலும் களிமண் தரையிலும் பெரும்பாலான பந்துகள் வந்துசேரும் உயரமும் அதுவே. தட்டையாகவும் அடிக்கலாம், சுழற்றியும் அடிக்கலாம். எதிராளியைப் பார்த்தபடி இரண்டு கால்களையும் அகட்டி நிற்கும் திறந்த நிலைப்பாடு இதற்கு ஒத்துப்போகிறது. ஈஸ்டர்ன் பிடியாளர் பக்கவாட்டில் திரும்பி, காலை முன்வைத்து அடிப்பதையே விரும்புவார்.

முழு வெஸ்டர்ன் அதைவிடத் தீவிரமானது. மணிக்கட்டு கைப்பிடிக்குக் கீழே போய்விடும். தோள் உயரப் பந்தை ஆளும் சக்தி வேறெந்தப் பிடிக்கும் இந்த அளவு இல்லை. விலையும் அதே அளவு பெரிது: தாழ்ந்த பந்துக்கு முகத்தைத் திறக்க உடலையே வளைக்கவேண்டும், வாலிக்கு மாற மூன்று பட்டை கடக்கவேண்டும். அதற்கும் அப்பால் ஆறாம் பட்டைப் பக்கம் போனவர்களும் உண்டு. 1994 பிரெஞ்சு ஓப்பன் இறுதிவரை சென்ற ஸ்பெயினின் ஆல்பெர்டோ பெரசடேகியின் கை அவ்வளவு தூரம் சுற்றியிருந்ததால், ஃபோர்ஹேண்டையும் பேக்ஹேண்டையும் அவர் மட்டையின் ஒரே பக்கத்தால் அடித்தார். களிமண்ணில் மிரட்டிய அந்த அடியைப் புல்லில் யாரும் அஞ்சவில்லை. ஆனால் பிடி ஒருவரை ஒரே தரையில் கட்டிப்போட்டுவிடும் என்றும் சொல்ல முடியாது. வெஸ்டர்னை ஒட்டிய பிடியுடைய இகா ஷ்வியோன்டெக் நான்கு முறை பிரெஞ்சு ஓப்பன் வென்றபோது புல்தரை அவருக்கு ஒத்துவராது என்றார்கள். 2025-இல் விம்பிள்டன் பட்டமும் அவருக்கே கிடைத்தது.

பேக்ஹேண்டில் கை எதிர்ப்பக்கம் நகர்கிறது. ஒற்றைக் கையால் நேராகவோ டாப்ஸ்பின்னோடோ அடிக்க அடிமுட்டி முதல் பட்டையில், அதாவது கைப்பிடியின் உச்சியில், அமரவேண்டும். இதுவே ஈஸ்டர்ன் பேக்ஹேண்ட். இன்னும் சுழற்சி வேண்டுபவர்கள் எட்டாம் பட்டைப் பக்கம் போவார்கள். குயெர்டனின் பேக்ஹேண்ட் அந்த வகை. உயர எழும் பந்தை அவர் வளைத்து அடித்த விதத்துக்கு அந்தப் பிடியும் ஒரு காரணம். ஒற்றைக் கை பேக்ஹேண்டின் நிரந்தரத் தலைவலி தோளுக்கு மேல் வரும் பந்து. இடக்கைக்காரரான நடால் தன் ஃபோர்ஹேண்டை மூலைக்கு மூலை அடிக்கும்போது அது நேராக ஃபெடரரின் ஒற்றைக் கை பேக்ஹேண்ட் பக்கம் தோள் உயரத்தில் எழுந்தது. 2006, 2007, 2008, 2011 ஆகிய நான்கு பிரெஞ்சு ஓப்பன் இறுதிகளில் ஃபெடரர் அவரிடம் தோற்றதில் இந்த ஒரு கோணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2017 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் ஃபெடரர் வென்றது பிடியை மாற்றியதால் அல்ல. முன்பைவிடப் பெரிய தலையுள்ள மட்டையோடு பேஸ்லைனை விட்டுப் பின்வாங்காமல் நின்று, பந்து அந்த உயரத்துக்கு எழுவதற்கு முன்பே அடித்தார்.

ஸ்லைஸ் பேக்ஹேண்டுக்குக் கை மறுபடி இரண்டாம் பட்டைக்கு வந்துவிடும். முகம் திறந்திருக்க, மேலிருந்து கீழாகச் சீவும் அடி அது. கிராஃப் தன் ஆட்டக்காலம் முழுவதும் பேக்ஹேண்ட் பக்கத்தைப் பெரும்பாலும் ஸ்லைஸாலேயே நடத்தினார்.

இரட்டைக் கை பேக்ஹேண்டில் இரண்டு பிடிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. வலக்கைக்காரருக்கு வலக்கை கீழே காண்டினென்டலில் இருக்கும், இடக்கை அதற்கு மேலே தன் சொந்த ஈஸ்டர்ன் அல்லது செமி-வெஸ்டர்ன் ஃபோர்ஹேண்ட் பிடியில் அமரும். அடியை ஓட்டுவது பெரும்பாலும் மேலே உள்ள கைதான். அதனால்தான் பயிற்றுநர்கள் வலக்கையை எடுத்துவிட்டு இடக்கையால் மட்டும் சில பந்துகளை அடிக்கச் சொல்வார்கள். வலக்கையை ஃபோர்ஹேண்ட் பிடியிலேயே விட்டுவிட்டு மேலே இடக்கையைச் சேர்ப்பது புதியவர்கள் செய்யும் பிழை. பந்து போகும், ஆனால் எட்டாத பந்துக்கு ஒரு கையை விட்டு நீட்டும்போது முகம் தவறான கோணத்தில் நிற்கும். 1930களில் ஆஸ்திரேலியாவின் விவியன் மெக்ராத், ஜான் பிராம்விச் ஆகியோர் இரு கைகளால் அடித்தபோது அது வேடிக்கையாகப் பார்க்கப்பட்டது. 1970களில் கிறிஸ் எவர்ட், ஜிம்மி கானர்ஸ், போர்க் மூவரும் அதைப் பொதுவழக்காக்கினர். மோனிகா செலஸும், 2013-இல் விம்பிள்டன் வென்ற மரியன் பர்தோலியும் ஃபோர்ஹேண்டையும்கூட இரு கைகளால் அடித்தார்கள். அவர்களைப் பின்பற்றியவர்கள் மிகச் சிலரே. பந்தை எட்டும் தூரம் குறைந்துவிடுவதால், கால் வேகம் அபாரமாக இருந்தால் மட்டுமே அது கட்டுபடியாகும்.

இவ்வளவு பிடிகளையும் தனித்தனியாகக் கற்றபின்பும் ஆட்டத்தில் தடுமாறுவதற்குக் காரணம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வேலை. அதைச் செய்வது மட்டையைப் பிடித்திருக்கும் கை அல்ல, மற்ற கை. காத்திருக்கும் நிலையில் இடக்கை மட்டையின் கழுத்தை லேசாகத் தாங்கியிருக்கும். பந்து எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் உடல் திரும்பும் அசைவோடு சேர்த்து இடக்கை மட்டையைச் சுழற்ற, தளர்ந்திருக்கும் வலக்கைக்குள் கைப்பிடி புதிய பட்டைக்கு வந்து நிற்கும். இடக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பவர் வலக்கை விரல்களாலேயே மட்டையை உருட்டவேண்டியிருக்கும். அது மெதுவானது, ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகச் சர்வைத் திருப்புபவருக்கு மொத்தமே அரை வினாடியை ஒட்டிய நேரம்தான். ஆகவே பலரும் ஃபோர்ஹேண்ட் பிடியிலேயே காத்திருந்து, பேக்ஹேண்ட் வந்தால் மட்டும் மாற்றுகிறார்கள். காண்டினென்டலில் காத்திருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இரண்டு பக்கமும் சம தூரம். எது சரி என்று சண்டையிடத் தேவையில்லை. மாற்றம் கண்ணால் பார்க்காமல் நடக்கவேண்டும் என்பது மட்டும் கட்டாயம். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே மட்டையைக் கையில் திருப்பிப் பழகுவது அதற்குப் போதுமான பயிற்சி.

வாரத்தில் ஓரிரு நாள் ஆடும் பெரியவர்களுக்கு ஈஸ்டர்ன் அல்லது மிதமான செமி-வெஸ்டர்ன் ஃபோர்ஹேண்ட், இரட்டைக் கை பேக்ஹேண்ட், மற்ற அனைத்துக்கும் காண்டினென்டல் என்ற சேர்க்கை பெரும்பாலும் பொருந்தும். இரட்டையர் ஆட்டமே அதிகம் ஆடுபவர்கள் வலைக்கு வரவேண்டியிருப்பதால் ஈஸ்டர்ன் பக்கம் இருப்பது நல்லது. பேஸ்லைனில் நின்று நீண்ட ராலி ஆட விரும்பும் இளைஞர்கள் செமி-வெஸ்டர்னுக்குப் போகலாம். முழு வெஸ்டர்னை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்க ஒரு பொழுதுபோக்கு ஆட்டக்காரருக்குக் காரணமே இல்லை.

குழந்தைகள் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை, அதற்குள் தள்ளப்படுகிறார்கள். பெரியவர்களின் மஞ்சள் பந்து ஏழு வயதுப் பிள்ளையின் தலை உயரத்துக்கு எழும்புகிறது. அதைக் கோர்ட்டுக்குள் அடக்கக் கை தானாகவே கைப்பிடியின் அடிப்பக்கம் சுற்றிக்கொள்கிறது. சில மாதங்களில் அந்தப் பிடி ஊறிப்போய்விடும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மெதுவான சிவப்பு, ஆரஞ்சு, பச்சை வகைப் பந்துகளைக் கட்டாயமாக்கியது. சிவப்புப் பந்து வழக்கமான பந்தைவிட 75 சதவீதமும், ஆரஞ்சு 50 சதவீதமும், பச்சை 25 சதவீதமும் மெதுவானவை. தாழ எழும் இந்தப் பந்துகளால் பிள்ளைகள் இயல்பான உயரத்தில் அடித்துப் பழகுகிறார்கள், பிடியும் சரியான இடத்தில் நிற்கிறது. பிள்ளையின் ஃபோர்ஹேண்ட் பிடி விநோதமாக இருந்தால் திட்டுவதற்கு முன் கூடையில் உள்ள பந்தின் நிறத்தைப் பார்க்கவேண்டும்.

மணிக்கட்டு வலிக்கும் பிடிக்கும் தொடர்பு உண்டு. தொழில்முறை அல்லாத ஆட்டக்காரர்களிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான மருத்துவ ஆய்வில், ஈஸ்டர்ன் பிடியாளர்களுக்கு மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்திலும், செமி-வெஸ்டர்ன், வெஸ்டர்ன் பிடியாளர்களுக்குச் சுண்டுவிரல் பக்கத்திலும் காயங்கள் அதிகம் காணப்பட்டன. வலி எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும்போது எந்தப் பிடியில் ஆடுகிறோம் என்பதையும் மருத்துவரிடம் சேர்த்துச் சொல்வது பயனுள்ளது.

கைப்பிடியின் பருமனும் கவனிக்கவேண்டியதே. சுற்றளவு 4 அங்குலம் முதல் 4⅝ அங்குலம் வரை, எட்டில் ஒரு அங்குல இடைவெளியில், 0 முதல் 5 வரை எண்ணிட்டு விற்கப்படுகிறது. ஈஸ்டர்ன் பிடியில் மட்டையைப் பிடித்தபின், விரல் நுனிகளுக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் இடையே மற்ற கையின் ஆட்காட்டி விரல் நுழையும் அளவு இடம் இருந்தால் பருமன் சரி. விரல் நுழையவே இல்லை என்றால் கைப்பிடி மெல்லியது, தளர்வாகப் போய்வந்தால் தடிமன். டாப்ஸ்பின்னுக்கு மட்டை கைக்குள் எளிதில் திரும்பவேண்டும் என்பதால் முந்தைய தலைமுறையைவிட இப்போது மெல்லிய கைப்பிடிகளே விரும்பப்படுகின்றன. ஐயம் இருந்தால் சிறியதை வாங்குவது நல்லது. மேலே ஓவர்கிரிப் எனும் மெல்லிய நாடாவைச் சுற்றிப் பருமனைக் கூட்டலாம், தடித்த கைப்பிடியைச் செதுக்கிக் குறைப்பது வீட்டில் நடக்கிற காரியமல்ல. ஓர் ஓவர்கிரிப் சுற்றளவை ஏறத்தாழ பதினாறில் ஒரு அங்குலம் கூட்டும்.

பருமன் தவறினால் முழங்கை வலி வரும் என்ற எச்சரிக்கை கடைகளில் அடிக்கடி கேட்கும். பரிந்துரைக்கப்பட்ட அளவிலிருந்து கால் அங்குலம் கூட்டியும் குறைத்தும் முன்கைத் தசைகளை அளந்த 2006-ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கைப்பிடியை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதில் கவனம் வைப்பது அதைவிட நல்லது. முழு பலத்தைப் பத்து என்று வைத்தால், காத்திருக்கும்போது மூன்று, நான்கு அளவே போதும், பந்தைத் தொடும் கணத்தில் கை தானாக இறுகிக்கொள்ளும். விரல்களைச் சற்றுச் சாய்வாகப் பரப்பி, ஆட்காட்டி விரலை மற்றவற்றிலிருந்து கொஞ்சம் விலக்கி மேலே வைத்தால் இறுக்காமலே பிடி நிற்கும். நான்கு விரல்களையும் ஒன்றாகச் சேர்த்து முஷ்டி போலப் பிடித்தால் மணிக்கட்டு விறைத்துவிடும்.

வியர்வையில் கைப்பிடி வழுக்கத் தொடங்கினால் எவரும் இறுக்கிப் பிடிக்கவே செய்வார்கள், கையும் ஒரு பட்டை நகர்ந்துபோகும். ஓவர்கிரிப்பில் பசைத்தன்மை கொண்டவை, வியர்வையை உறிஞ்சும் உலர்ந்த வகை என இரண்டு உண்டு. புழுக்கமான கடலோர ஊர்களில் ஆடுபவர்களுக்கு உறிஞ்சும் வகையே ஏற்றது. சுற்றும்போது அடிமுனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் ஓரத்தை மெல்லியதாகவே மூடும்படி இழுத்துச் சுற்றவேண்டும். தளர்வாகவும் தடிமனாகவும் சுற்றினால் பட்டைகளின் விளிம்புகள் விரலுக்குத் தட்டுப்படாமல் போய்விடும்.